நாய் வேளையில் பிறந்தவள்

ஆஹூ தன் தம்பியிடம் கேட்டது ஒரு மரப்பலகை நிற்கும் அளவு இடம். நாலு விரல் அகலம், ஒரு சாண் உயரம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் முன்னோர் மாடம் இருக்கிறது. அவளுடைய அப்பா, அம்மா, அவர்களுக்கு முந்திய மூன்று தலைமுறை ஆண்கள், அந்த ஆண்களின் மனைவிமார் எல்லோருடைய பெயர்களும் பலகைகளில் எழுதப்பட்டு அங்கே நிற்கின்றன. தான் செத்த பிறகு தன் பெயரும் அங்கே நிற்கவேண்டும் என்று கேட்டாள். காலையும் மாலையும் அந்த மாடத்தைத் துடைத்து ஊதுபத்தி ஏற்றி வந்தவள் அவள்தான். ஆனால் கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்த வீட்டு மாடத்தில் இடம் கிடையாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண்ணின் பெயர் கணவன் வீட்டு மாடத்தில்தான் ஏறும். கணவன் இல்லாவிட்டால் எந்த மாடத்திலும் ஏறாது.

எங்கள் ஊர் தைனான் நகரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி. வீடுகளைவிடப் பால்மீன் குளங்கள் அதிகம். ஆஹூவும் நானும் ஒரே வருடம் பிறந்தவர்கள், அடுத்தடுத்த வீடு, பள்ளியில் ஒரே பெஞ்சு. வகுப்பில் அவள் முதல். அவள் விடைத்தாளை மறைக்க மறந்த நாட்களில் நான் இரண்டாவது.

அவளுக்கு முதலில் வைத்த பெயர் போங்-சி. ‘போகட்டும், வளர்த்து வை’ என்று அர்த்தம். பெண் பிறந்தால் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் வைத்த பெயர் அது. இரண்டு வருடம் கழித்து, குளிர்காலத்தில் தம்பி போக்-ஜின் பிறந்தான். அவனுக்குக் கட்டம் போட அப்பா ஹோங் ஜோசியரிடம் போனார். பெண்ணுக்கு அதுவரை யாரும் கட்டம் போட்டிருக்கவில்லை. போகட்டும் என்று வளர்ப்பதற்குக் கட்டம் எதற்கு?

ஹோங் ஜோசியர் பன்னிரண்டு வீடுகளையும் நிரப்பிவிட்டுத் தொடையில் தட்டினாராம். “ராஜா வந்து பொறந்திருக்கான்யா உன் வீட்ல. சக்ரவர்த்தி நட்சத்திரம் ஜன்ம வீட்லயே உக்காந்திருக்கு.” அப்பா கும்பிட்டார். “ஆனா பக்கத்துல ஒரு துணை இல்ல. மந்திரி இல்லாத ராஜா எதுக்கு ஆவான்? அனாதை ராஜா. வீட்ல வேற யாரு இருக்கா?”

“ஒரு பொட்டப்புள்ள இருக்குங்க.”

“எப்பப் பொறந்தது?”

“அதுக்கு முந்தின முந்தின வருஷம், ஆறாம் மாசம். ஐஸ் ஆலையில சாயங்காலம் ஏழு மணி சங்கு ஊதுச்சு, கொஞ்ச நேரத்துல பொறந்துச்சு.”

ஜோசியர் விரல்விட்டு எண்ணினார். ஒரு நாளைப் பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் வேளைகளாகப் பிரிப்பார்கள்; இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை நாய் வேளை. “அட! இடப்பக்கத் துணை நட்சத்திரம்யா. ஜன்ம வீட்லயே நிக்குது. துணையைக் கையில வெச்சுக்கிட்டு என்கிட்ட வந்து நிக்கிறியே! இவளை வெளிய விட்டுடாத. இவ நிக்கிற வரைக்கும்தான் அவன் ஒளி.”

அன்றைக்கே பெயர் மாறியது. ஹூ என்றால் துணை. கூப்பிடும்போது ஆஹூ. இதை நான் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், ஆனால் ஆஹூ அப்படி நினைக்கவில்லை. ‘போகட்டும்’ என்ற பெயரோடு பிறந்த ஒருத்திக்கு ‘துணை’ என்பது பதவி உயர்வு. பள்ளியில் யாராவது கிண்டல் செய்தால், “நான் நட்சத்திரம்டி, நீ என்ன?” என்பாள். அம்மாவும் அந்த நாளிலிருந்து அவள் தட்டில் மீன் வயிற்றுத் துண்டு ஒன்றை வைக்க ஆரம்பித்தாள். ஜின்னுக்குப் பல் முளைத்த பிறகு, அவன் சாப்பிட்டு மிச்சமிருந்தால்.

அவளுடைய அம்மாவுக்கு அவள் பிறந்ததைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு கதைதான் இருந்தது. “நீ பொறந்தப்ப சூரியன் குளத்துல மிதந்துக்கிட்டிருந்துச்சு. மருத்துவச்சி கண்ணு கூசுதுன்னு கதவைச் சாத்தச் சொன்னா.” நூறு தடவை சொல்லியிருப்பாள். நானே ஐம்பது தடவை கேட்டிருக்கிறேன். அந்தச் சூரியனைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை.

ஆறாம் வகுப்பு முடிந்து நடுநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதினோம். வட்டாரத்திலேயே ஆஹூ முதல். நான் பட்டியலின் அடியில், இன்னும் இரண்டு மார்க் குறைந்திருந்தால் குளத்து வரப்பில். பள்ளி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. எனக்கு அப்பா பழைய சைக்கிள் ஒன்றைத் தேடிப்பிடித்தார். ஆஹூவின் அம்மா தேர்வு முடிவை எடுத்துக்கொண்டு ஹோங் ஜோசியரிடம் போனாள்.

திரும்பி வந்தபோது நான் அவர்கள் முற்றத்தில் இருந்தேன். வகுப்பு ஆசிரியரும் வந்திருந்தார். வடக்கத்திக்காரர், எங்கள் பேச்சு அவருக்கு அரைகுறையாகத்தான் வரும்.

“அம்மா, இந்தப் பொண்ணை நிறுத்தாதீங்க. இருபது வருஷத்துல இப்படி ஒரு தலையை நான் பாக்கல.”

“நீங்க படிச்சவங்க, ஐயா. நாங்க சொல்றது உங்களுக்குப் புரியாது. இவ துணை நட்சத்திரம். வீட்டைத் தாண்டிப் போனா பையனுக்கு ஒளி போயிடும்னு சொல்லிட்டாரு.”

“பையனுக்கு இப்ப வயசு என்ன?”

“பத்து.”

“பத்து வயசுப் பையனுக்கு என்னம்மா ஒளி?”

அம்மா அவருக்குத் தேநீர் ஊற்றினாள். அது ‘கிளம்புங்கள்’ என்பதற்கு மரியாதையான வழி. அவர் போன பிறகு ஆஹூ கேட்டாள். அழவில்லை. கணக்கில் ஒரு படி விடுபட்டதைக் கேட்பவள் மாதிரிக் கேட்டாள்.

“நான் அவனுக்குத் துணை. சரி. எனக்கு யாரும்மா துணை?”

“உனக்கென்னடி குறை? இன்னிக்கு நீ அவனைத் தாங்கு. நாளைக்கு அவன் உன்னைத் தாங்குவான். நீ எங்க போயிடப் போற? இது உன் வீடு.”

இது உன் வீடு. ஆஹூ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் பிடித்ததை ஐம்பத்தேழு வயது வரை விடவில்லை. அடுத்த வருடமே அரசாங்கம் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுநிலைப் பள்ளியைத் திறந்துவிட்டது. அதற்குள் அவள் மீன் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

பால்மீனுக்கு இருநூற்று இருபத்திரண்டு முள். வயிற்றைத் திறந்து, கறி கிழியாமல், அத்தனையையும் எடுக்கவேண்டும். மற்றவர்கள் இரண்டு மீன் முடிப்பதற்குள் ஆஹூ மூன்றை முடிப்பாள். கண் பார்க்காமல் விரல் நுனியாலேயே எண்ணுவாள். “ஜின்னோட ராஜ்யத்துல எனக்கு முள்ளு இலாகா குடுத்திருக்காங்க,” என்பாள். கொட்டகையே சிரிக்கும். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து என் புத்தகங்களைப் புரட்டுவாள். எனக்கு இயற்கணிதம் வராது. ஈரக் கையோடு பென்சிலை வாங்கி இரண்டு வரியில் போட்டுக் காட்டுவாள். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கிறது.

அவளுக்கு இருபத்து நாலு வயதானபோது லாய் என்ற ஐஸ் வண்டி ஓட்டுகிறவன் பெண் கேட்டான். கொட்டகைக்குத் தினமும் ஐஸ் பாளங்கள் இறக்குகிறவன். அவள் மேசைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பாளம் கூடுதலாக இறங்கும்.

“ஏண்டா லாய், அவளை என்ன மீனுன்னு நெனச்சியா, கெட்டுப்போகாம இருக்க இவ்வளவு ஐஸ் வெக்கிற?” என்று பெண்கள் கத்துவார்கள்.

“கெட்டுப்போறது நாந்தான், அக்கா,” என்பான் அவன்.

ஆஹூவின் அம்மா முடியாது என்று சொல்லவில்லை. “ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லு. ஜின் கடைசிப் பரீட்சை எழுதட்டும். இந்த நேரத்துல துணை எழுந்து போனா பையன் சறுக்கிடுவான்,” என்றாள். ஹோங் ஜோசியர் அதற்குள் செத்துப் புதைந்து புல் முளைத்திருந்தது. சொல் மட்டும் சாகவில்லை. பரீட்சை முடிந்தது. பிறகு ராணுவச் சேவை, அது முடியட்டும். பிறகு வேலை, அது கிடைக்கட்டும். லாய் மூன்று வருடம் பொறுத்தான். நான்காம் வருடம் வேறு ஊரில் பெண் பார்த்தான். கல்யாணத்துக்கு ஆஹூவையும் அழைத்திருந்தான். அவள் போனாள், வயிறு நிறையச் சாப்பிட்டாள். திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னாள்: “ஐஸ் மூணு வருஷம் உருகாம நின்னதே பெரிசு, லியன்.”

நான் படித்து அதே ஊர்ப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக வந்தேன். நட்சத்திரம் என்பது எரியும் வாயு, அது யாருடைய வயலுக்கும் காவல் நிற்பதில்லை என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதினேன். ஒரு கோடை விடுமுறையில் அந்த ஜோசிய முறையை எடுத்துவைத்து நானே எண்ணிப் பார்த்தேன். இந்தத் துணை நட்சத்திரத்தை யாரும் வானத்தில் பார்த்து வைப்பதில்லை. பிறந்த மாதத்தை வைத்து விரலால் எண்ணிக் கட்டத்தில் வைக்கிறார்கள். ஜன்ம வீட்டை மாதம், வேளை இரண்டையும் வைத்து எண்ணுகிறார்கள். இரண்டிலும் மாதம் பொதுவாகக் கழிந்துபோகிறது. மிஞ்சுவது வேளை மட்டும். ஆக, நாய் வேளையில் பிறந்த யாருக்கும், எந்த மாதமானாலும், அந்த நட்சத்திரம் ஜன்ம வீட்டில்தான் வந்து உட்காரும். பன்னிரண்டு பேருக்கு ஒருவர். எங்கள் ஊரில் மட்டும் அப்படி இருநூறு பேராவது இருக்கவேண்டும். அவர்களில் எத்தனை ஆண்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள்? எந்த அண்ணனைத் தங்கையின் ஒளிக்காக வீட்டில் வைத்தார்கள்?

இதை ஆஹூவிடம் சொன்னேன். அவள் கணக்கைச் சரிபார்த்தாள். “சரியாத்தான் இருக்கு,” என்றாள். பிறகு, “இதைப் பன்னெண்டு வயசுல சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்,” என்றாள். அப்போது அவளுக்கு நாற்பது. அம்மா படுக்கையில் விழுந்து மூன்றாவது வருடம். அம்மா போய்ச்சேர இன்னும் ஐந்து வருடம் இருந்தது.

ஜின் நல்லவன்தான். அதைச் சொல்லாவிட்டால் நான் பொய் எழுதுகிறவள் ஆவேன். வடக்கே மின்னணு ஆலை ஒன்றில் பொறியாளர். மனைவி பெக்-குவன். பிள்ளைகள் இரண்டு. இரண்டையும் பள்ளி வயது வரும்வரை ஆஹூதான் வளர்த்தாள். புதுவருடத்துக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்குக் குளிர்ச்சட்டை வாங்கி வருவான். அவளிடம் பதினேழு குளிர்ச்சட்டைகள் இருந்தன. எங்கள் ஊரில் குளிர் இரண்டு மாதம்.

ஐம்பத்தேழாவது வயதில் அவளுக்குக் கல்லீரலில் கட்டி. தைனான் மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு வருடம்கூடச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அவள், “பசிக்குது, கஞ்சி குடிக்கலாம்,” என்றாள். கோயில் தெருவில் பால்மீன் கஞ்சி குடித்தோம். கிண்ணத்துக்குள் விரலால் தடவிப் பார்த்து, “ஒரு முள்ளை விட்டிருக்கான்,” என்று கடைக்காரனைத் திட்டினாள். பக்கத்துக் கடையில் ஒரு சின்னப் பெண், வெட்டிய முடி, கையில் பால் தேநீர், முன்னால் கணினி. வாசலில் கட்டம் வரைந்த பலகை.

“வா, கேட்போம்,” என்றாள் ஆஹூ.

“உனக்குப் பைத்தியமா? இன்னுமா?”

“சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவை என் கட்டத்தை என் கண்ணால பாக்கணும், லியன். இதுவரைக்கும் அவங்கதான் பாத்திருக்காங்க.”

அந்தப் பெண் பிறந்த நாளைத் தட்டினாள், நேரத்தைக் கேட்டாள். ஏழு மணிச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் என்றாள் ஆஹூ. கணினி ஏதோ கேட்டது. அந்தப் பெண் தேநீரை வைத்தாள்.

“அம்மா, இது கடிகார நேரமா? அந்த வருஷம் கோடையில நாடு முழுக்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருந்தாங்க. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க. அதைக் கழிக்கணும். அப்ப நீங்க பொறந்தது நிஜமா ஆறேகால். சேவல் வேளை. நாய் வேளை இல்ல.”

எனக்கு அவள் அம்மாவின் கதை நினைவுக்கு வந்தது. குளத்தில் மிதந்த சூரியன். கண் கூசுகிறது என்ற மருத்துவச்சி. எங்கள் ஊரில் அந்த மாதத்தில் நிஜமான ஏழேகாலுக்குச் சூரியன் கடலுக்குள் போய் அரை மணி ஆகியிருக்கும். சூரிய அஸ்தமனப் பாடத்தை முப்பது வருடம் நடத்தியவள் நான். அந்தக் கதையை ஐம்பது தடவை கேட்டவளும் நான்தான்.

“சேவல் வேளைன்னா என் துணை நட்சத்திரம் போயிடுச்சா?” என்று ஆஹூ கேட்டாள். குரலில் பயம் இருந்தது. அது அவள் பெயரல்லவா.

“போகல. ஒரு வீடு தள்ளிடுச்சு. ஜன்ம வீட்ல இல்ல, உடன்பிறந்தவங்க வீட்ல நிக்குது.” அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். “நீங்க துணை இல்லம்மா. உங்க கூடப் பொறந்தவங்கதான் உங்களுக்குத் துணை. அக்கா இல்லன்னா தம்பி, யாரோ ஒருத்தர் ஆயுசு முழுக்க உங்களைத் தாங்கியிருக்கணுமே. தாங்கினாங்களா?”

ஆஹூ திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்து அந்த வீட்டைப் பார்த்தாள்.

அந்தப் பெண் ஆறுதலாகப் பேசுவதாக நினைத்துத் தொடர்ந்தாள். “அப்படியே ஜன்ம வீட்ல இருந்தாலும் துணைன்னா வேலைக்காரின்னு அர்த்தம் இல்லம்மா. மந்திரின்னு அர்த்தம். ராஜா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருற ஆளு.”

பேருந்தில் வரும்போது அச்சடித்த கட்டத்தை மடியில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பொறுக்க முடியாமல் சொன்னேன், “அதுவும் பொய், இதுவும் பொய், ஆஹூ. எந்த மணிக்குப் பிறந்தாலும் உன்னை நிறுத்தியிருப்பாங்க. வீட்டு வேலைக்கு ஆள் வேணும், அதுக்கு ஒரு காரணம் வேணும். வேற நட்சத்திரத்தைத் தேடியிருப்பாங்க.”

“தெரியும்டி,” என்றாள். “பொய்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பொய்க்கு நான் கட்டுப்பட்டேன். அதே பொய் இப்ப அவனைக் கட்டுப்படச் சொல்லுது. அவன் கட்டுப்படுவானான்னு பாக்கணும்.”

அந்தக் குளிர்காலத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் கொண்ட நாள் வந்தது. அரிசி உருண்டை செய்து முன்னோருக்குப் படைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற நாள். ஜின்னும் பெக்-குவனும் வந்திருந்தார்கள். ஆஹூ என்னையும் கூப்பிட்டாள். இனிப்புச் சாற்றில் சிவப்பும் வெள்ளையுமாக உருண்டைகள். மாடத்துக்கு முதல் கிண்ணத்தை அவளே வைத்தாள். பிறகு மேசையில் கட்டத்தை விரித்து, சங்கு, கடிகாரம், சூரியன் எல்லாவற்றையும் ஒவ்வொரு படியாகச் சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

“ஜின், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் போன பிறகு என் பேரை இந்த மாடத்துல வை. அம்மா சொன்னா, இது உன் வீடுன்னு.”

ஜின் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “அக்கா, சாகறதைப் பத்தி ஏன் பேசறே இப்ப?”

“வேற எப்பப் பேசறது? செத்த பிறகா?”

“இந்தக் கட்டம், நட்சத்திரம்... இதெல்லாம் மூடநம்பிக்கைக்கா. நான் ஒரு என்ஜினியர். இதை வெச்சு என்கிட்ட நியாயம் கேக்கறியே.”

அவள் படிப்பை நிறுத்தியபோது அது சாஸ்திரம். லாய் வாசலில் நின்றபோதும் சாஸ்திரம். அது அவன் பக்கம் திரும்பிய அன்றைக்கு மூடநம்பிக்கை. நான் வாயைத் திறந்தேன். ஆஹூ மேசைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள்.

“அப்படியா?” என்றாள் தம்பியிடம், மெதுவாக. “உன் பையனை நல்ல வேளை பாத்து, பெக்-குவன் வயித்தைக் கிழிச்சுக் காலையில ஒம்பது மணி நாப்பது நிமிஷத்துக்கு எடுக்கச் சொன்னீங்களே. அன்னிக்கு என்ஜினியர் எங்க போயிருந்தாரு?”

“அது எங்க அம்மா ஆசைப்பட்டாங்க,” என்றாள் பெக்-குவன்.

“எனக்கும் ஒரு அம்மா இருந்தா.”

ஜின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “நான் மாட்டேன்னு சொல்லல, அக்கா. பெரியப்பா பசங்க ஒத்துக்கணும். பிள்ளைங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. மாடத்துல கன்னிப் பொண்ணு பேர் நின்னா வீட்டுக்கு ஆகாதும்பாங்க. என் ஒருத்தன் கையில இல்ல. இது வழக்கம்.”

“ஊர்ப் பக்கம் இதுக்கு ஒரு வழி இருக்கே,” என்றாள் பெக்-குவன். அவளும் உண்மையாகவே வழி தேடினாள். “சிவப்பு உறையில அக்கா முடியையும் பொறந்த வேளை எழுதின சீட்டையும் வெச்சு ரோட்டுல போட்டா, எடுக்கிறவர் மாப்பிள்ளை. பேருக்குத்தான். அவங்க வீட்டு மாடத்துல இடம் குடுத்துடுவாங்க.”

ஆஹூ சிரித்தாள். கொட்டகையில் சிரிக்கிற அதே சிரிப்பு. “உயிரோட இருந்தப்ப வாசலுக்கு வந்தவனை மூணு வருஷம் நிக்க வெச்சு அனுப்பினீங்க. செத்த பிறகு ரோட்டுல போறவனை எனக்கு மாப்பிள்ளையாப் புடிக்கிறீங்களா? அவனாவது குனிஞ்சு உறையை எடுக்கறானே, நல்ல மனுஷன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து கிண்ணங்களை எடுத்தாள். ஜின் தானே கழுவுவதாகச் சொல்லி எழுந்தான். “உக்காரு,” என்றாள். “ராஜா எழுந்திருக்கக் கூடாது.” அந்த வீட்டில் அவள் சொல்லி நான் கேட்ட ஒரே கசப்பான சொல் அது. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போனபோது கிண்ணங்கள் எப்போதோ கழுவி முடிந்திருந்தன.

ஜின் அதன் பிறகு பெரியப்பா பிள்ளைகளிடம் பேசினானா என்று எனக்குத் தெரியாது. பேசியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். புதுவருடத்துக்கு வந்தவன் மாடத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பதினெட்டாவது குளிர்ச்சட்டையைக் கொண்டுவந்தான். ஆஹூவும் திரும்பக் கேட்கவில்லை. நடக்க முடிந்த கடைசி நாள்வரை ஊதுபத்தி ஏற்றினாள். நடக்க முடியாதபோது என்னை ஏற்றச் சொன்னாள். நான் நம்பாதவள், ஏற்றினேன்.

மூன்றாம் மாதம், குளங்களில் குஞ்சு விடுகிற பருவத்தில் இறந்தாள். ஜின் தரையில் உட்கார்ந்து அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை. அவனுக்கு நடை பழக்கியவள், அவன் தட்டு மீனில் முள் எடுத்துக் கொடுத்தவள்.

சாம்பலையும் பெயரையும் இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். மாடியில் கல்யாணமாகாத பெண்களுக்கென்று தனி அறை. வீட்டில் இடமில்லாத மகள்களைக் கொண்டுவந்து வைக்கிற அறை. கீழே எழுத்தர் பலகையில் மை தொட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

“பொறந்த வேளை?”

“நாய்,” என்றான் ஜின்.

“சேவல்,” என்றேன் நான்.

எழுத்தர் தூரிகையைத் தூக்கிப் பிடித்தார். “ஒண்ணு சொல்லுங்க. மை காஞ்சா மாத்த முடியாது.”

ஜின் என்னைப் பார்த்தான். அழுது கண் வீங்கியிருந்தது. “எதை எழுதினா என்ன, டீச்சர்? உங்களுக்கே இதுல நம்பிக்கை இல்லையே.”

“இல்ல. எந்த வேளைக்கும் ஒரு அர்த்தமும் இல்ல. அதனால நிஜமா அவ பொறந்த வேளையை எழுதுங்க. அவ பொறந்தப்ப சூரியன் குளத்துல இருந்துச்சு. அதுவாவது அவ பேருக்குப் பக்கத்துல சரியா இருக்கட்டும்.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு எழுத்தரிடம் சொன்னான்: “சேவல்.”

மாடிக்கு ஏறினோம். நாலாவது தட்டு, சுவர் ஓரம். அவள் பலகைக்கு இடப்பக்கம் ஒன்பது வயதில் செத்த ஒரு குழந்தை. வலப்பக்கம் பதினேழு வயதுப் பெண். நடுவில் ஐம்பத்தேழு வயது ஆஹூ. பெக்-குவன் இரண்டு பலகைகளையும் படித்தாள். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறுதலாக, கணவன் தோளைத் தடவிச் சொன்னாள்:

“கவலைப்படாதீங்க. அக்கா பாத்துக்க அங்கயும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

ஜின் தலையை ஆட்டினான். நான் படியிறங்கி வெளியே வந்துவிட்டேன்.